ஒரு தறியும் நாலு தறியும்

கத்திரிக்காய் வாங்கினால்கூட ஒன்றை அரிந்து காட்டச் சொல்லுவார். ஆரணி மார்க்கெட்டில் காய்க்காரம்மாக்களின் வாய்க்குத் தப்பியவர்கள் குறைவு. அவர் வந்து நின்றால் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கத்தியை எடுப்பார்கள். அரிந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பூச்சி இல்லை என்றால், "சரி, பாத்துட்டேன்" என்பார். அப்புறம்தான் விலை கேட்பார். அரிந்த காயையும் சேர்த்துத்தான் எடை போடச் சொல்லுவார். அந்த நியாயம் அவரிடம் இருந்தது.

எங்கள் பக்கத்துக்கு அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஆர்.ஐ. என்பார்கள். வருமானமோ, வாரிசோ, மழையில் இடிந்த வீடோ, எதற்காக நாம் தாசில்தாருக்கு மனு போட்டாலும் நேரில் வந்து விசாரித்து இன்னதுதான் உண்மை என்று எழுத வேண்டியவர் அவர். அவர் எழுதியதைப் பார்த்துத்தான் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் 'காட்டுங்க சார்' என்றால்தான் தெரியும். யார் என்ன சொன்னாலும், "சொல்றத விடுங்க. காட்டுங்க" என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, ஏதோ அந்தக் காலத்திலேயே அவருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் வந்தால் அரிசி டின்னைத் திறந்து பார்ப்பார். கொடியில் காய்கிற துணியை எண்ணுவார். வயசுப் பெண் இருக்கிற வீட்டில் கொடித்துணியை எண்ணிக்கொண்டு நிற்கிற மனுஷனை யாருக்குப் பிடிக்கும்? எண்ணும்போது வாய் அசையாது. வலதுகைக் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். காபி கொடுத்தால் வேண்டாம், மோர் கொடுத்தால் வேண்டாம். சைக்கிளில் மாட்டிய பையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருப்பார், அதை எடுத்து அண்ணாந்து குடிப்பார். எல்லாவற்றையும் விட ரோதனை, எழுதி முடித்ததும் எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவது. நம் வீட்டு இல்லாமையை நம் வாசலிலேயே நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒருவர் வாசித்தால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் பக்கச்சுவர் இடிந்துவிட்டது என்று நிவாரணத்துக்கு மனு போட்டிருந்தார். காட்டுங்க சார் அப்போது கண்ணாடி போட ஆரம்பித்துவிட்டார். வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, இடிந்த செங்கலின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் பச்சையாக ஒட்டியதை வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"இன்னா சார் இது?" என்றார் வீட்டுக்காரர்.

"பாசி. நேத்து இடிஞ்ச செவத்துல பாசி ஏது? இது போன வருஷ மழ."

வீட்டுக்காரர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார், எழுதியது என்னவோ பாசியைத்தான்.

இன்னொன்று, இங்கே மாற்றலாகி வருவதற்கு முன் அவர் வேலை பார்த்த ஊரில் கடை வைத்திருந்த பட்டு வியாபாரி ஒருவருடைய கதை. ஊரெல்லாம் அவருக்குத் தறி ஓடியது. எல்லாம் மற்றவர்கள் வீட்டில், மற்றவர்கள் பெயரில். மகனுக்குக் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்காக வருமானச் சான்று கேட்டிருந்தார். அவருக்கு எப்படியோ விசாரணை நாள் தெரிந்துவிட்டது. கட்டில், ரேடியோ, சுவர்க் கடிகாரம் எல்லாம் காலையிலேயே மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டன. வீட்டம்மா சாயம்போன புடவையில் நிற்கிறார். காட்டுங்க சார் தரையில் உட்கார்ந்து எதுவுமே கேட்காமல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்திருக்கிறார்.

"எங்க வீட்ல ஃபேனு கூட இல்ல சார்" என்று வியாபாரியே ஆரம்பித்தாராம்.

"அப்ப அந்தக் கொக்கி யாருக்கு?"

கொக்கிக்கு நேர் கீழே தரையில் எண்ணெய்ச் சொட்டு வட்டமாகக் காய்ந்திருந்ததாம். சுவரில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்ததாம். "சரி, பாத்துட்டேன்" என்று எழுந்து போனார். வியாபாரியின் மகனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்வதில்லை. ஆபீசில் யாரோ கேட்டதற்கு, "எதுக்கு வந்தேன்னு சொன்னா, அதுக்குத் தகுந்தா மாதிரி வீடு மாறிடுதுங்க" என்றாராம்.

அந்த வழக்கம்தான் என் தலையில் விடிந்தது.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம். செய்யாறு காலேஜில் பி.காம். இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் நான்தான். அப்பா பட்டு நெசவு. வீட்டில் ஒரே தறி. அவர் நெய்வார், அம்மா தார் சுற்றுவாள், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூலைச் சின்னக் குழலில் சுற்றிக்கொடுக்கிற வேலை. நான் காலேஜ் என்றதும் அப்பா மறுக்கவில்லை, ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "சர்க்காரு குடுக்குதுன்னா படி. குடுக்கலன்னா உங்கம்மா பக்கத்துல உக்காந்து தார் சுத்து. பஸ்ஸு, புத்தகம், பரீட்ச ஃபீஸுன்னு என்னால முடியாது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவரால் முடியாது, அவ்வளவுதான்.

ஸ்காலர்ஷிப் பாரம் ஒன்று கொடுத்தார்கள். அதைப் படித்தால் காலேஜில் சேருவதே சுலபம் என்று தோன்றும். பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்பதற்கு ஜாதிச் சான்று வேண்டும். வேறு எந்த உதவித்தொகையும் வாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருஷா வருஷம் பாஸ் செய்திருக்க வேண்டும், வருகை குறையக் கூடாது, மூன்று வருஷமும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா அம்மா இரண்டு பேருடைய வருமானமும் சேர்த்து ஒரு வரம்புக்குள் இருக்கிறது என்று தாசில்தார் சான்று தர வேண்டும். நெசவுக்காரருக்குச் சம்பளச் சீட்டா இருக்கிறது? அதனால் தறிக்கு இவ்வளவு என்று ஆபீசில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு தறி என்றால் வரம்புக்குள் வந்துவிடும். இரண்டு என்றால் இழுபறி. மூன்றுக்குப் போனால் வெளியே. பாரத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கொடுத்த தகவல் பொய் என்று தெரியவந்தால் உதவித்தொகை ரத்து, பெற்றோர் மீதும் நடவடிக்கை.

எங்களுக்கு என்ன பயம், ஒரு தறிதானே என்று நானும் மனுவைப் போட்டுவிட்டு வந்தேன்.

கர்ணம், மணியக்காரர் உத்தியோகத்தையெல்லாம் சர்க்கார் எடுத்துவிட்ட சமயம் அது. புது ஆள் இன்னும் போடவில்லை. அதனால் சின்ன விசாரணைக்கும் ஆர்.ஐ.யே நேரில் வந்தார். அவர் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, எங்கள் தெருவில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. காட்டுங்க சார் என்ற பெயரும் அப்போது பிறக்கவில்லை. நான் ஒரிஜினல் மார்க் ஷீட் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், சைக்கிளை நிறுத்திவிட்டு, கையில் நீள நோட்டோடு உள்ளே வந்து அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

"எத்தினி தறி?"

இந்தக் கேள்வியை எங்கள் தெருவில் கேட்கிற ஆள் ஒருவர்தான் உண்டு, நெசவாளர் சொசைட்டியிலிருந்து தறி எண்ண வருகிறவர். தறி எண்ணிக்கைக்குத் தகுந்தபடிதான் சொசைட்டியில் பட்டு நூலும் ஜரிகையும் ஒதுக்குவார்கள். அதனால் எண்ண வருகிற அன்றைக்கு எங்கள் தெருவில் தறிகள் குட்டி போடும். ஒரு தறி வைத்திருப்பவர் மூன்று என்பார். மூன்று வைத்திருப்பவர் ஆறு என்பார். பக்கத்து வீட்டுத் தறியைக் காட்டுவது, போன வருஷம் பிரித்துப்போட்ட தறியின் குழியைக் காட்டுவது, எல்லாம் நடக்கும். வருகிறவருக்கும் அது தெரியும், அவர் மனசுக்குள் பாதியாக்கித்தான் எழுதுவார். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி.

"நாலு சார்" என்றிருக்கிறார் அப்பா.

"சொல்றத விடுங்க. காட்டுங்க."

அப்பாவுக்கு இதில் என்ன சிரமம். எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து, "வாங்க சார், மூணு உள்ள ஓடிகினு இருக்குது" என்று பெரியப்பாவின் தறிகளையும் காட்டிவிட்டார். பெரியப்பாவும் ஒத்துழைத்தார், நாளைக்கு அவருக்கும் எங்கள் தறி வேண்டியிருக்குமே. வந்தவர் விரல்கணுக்களைத் தொட்டு நாலு எண்ணினார். எழுதினார். வாசித்தும் காட்டினார். வாசிக்கும்போது பெரியப்பா வீட்டுத் தறிச் சத்தம். நாலு என்பது மட்டும் அப்பா காதில் விழுந்தது, அவருக்குத் திருப்தி.

பத்து நாளில் சான்று வந்தது. நாலு தறி, வரம்பைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. காலேஜில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் கிளார்க் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.

"நாலு தறி வச்சிகினு இங்க இன்னாம்மா கேக்கற? வேற சர்டிபிகேட் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துகினு வா. அப்பால வந்தா என்னால ஒண்ணும் ஆவாது."

அன்றைக்குத் திங்கள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், அப்பா நாடாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

"அந்த ஆளு சொசைட்டி ஆளு இல்லியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தறியையே பிரித்துப் போட்டிருப்பேன். அம்மா சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்பாவை ஆபீசுக்கு வரச் சொன்னேன். வரவில்லை. "நாலுன்னு சொன்ன வாயால ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது? அப்ப பொய் சொன்னியான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்ல?" என்றார். யோசித்தால் அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. அப்பா பொய் சொன்னார் என்று எழுதினால் பாரத்தின் அடியில் இருக்கிற பொடி எழுத்து எங்களைப் பிடித்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் நாலு தறி நாலு தறியாகவே இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அம்மா பக்கத்தில்தான்.

மறுநாள் தனியாகவே கோட்டைப் பக்கம் இருந்த ஆபீசுக்குப் போனேன். அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லி, கசங்காத வெள்ளைச் சட்டை. மேஜை மேல் தண்ணீர் பாட்டில்.

"சார், எங்க வீட்ல ஒரு தறிதான் சார். நாலுன்னு எழுதிட்டீங்க."

அவர் நோட்டை எடுத்துப் புரட்டினார். "பாத்துதான் எழுதினேன்."

"அதுல மூணு எங்க பெரியப்பாவுது சார்."

"யாரு சொல்றது?"

"நான்தான் சார் சொல்றேன்."

"அப்ப உங்கப்பா சொன்னது?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அப்பா மாட்டுவார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் கோபத்தில்தான். அவர் என்னைப் பார்க்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் சும்மா கணுக்கள் மேல் போய்வந்துகொண்டிருந்தது.

"சொல்றத விடும்மா" என்றார் கடைசியில். "நாளைக்கு வர்றேன். காட்டு."

புதன்கிழமை காலையில், தறிகள் ஓடிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார். நேராக நடுக்கதவைத் தாண்டிப் பெரியப்பா வீட்டுக்குள் போனார். நெய்துகொண்டிருந்த பெரியப்பாவை மேலே ஏறச் சொன்னார். அப்பாவைக் கூப்பிட்டார்.

"இதுல எறங்கி நாலு எழ போடுங்க."

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தரையில் குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, அடியில் இருக்கிற மிதிகளை மிதித்து நெய்வார்கள். குழி வெட்டும்போதே நெய்கிறவரின் கால் நீளத்துக்குத்தான் வெட்டுவார்கள். எங்கள் அப்பா குட்டை. பெரியப்பாவும் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் கூரையில் தலை இடிக்கிற உயரம். பெரியப்பா எங்கள் பாட்டி வழி, அப்பா தாத்தா வழி.

அப்பா உட்கார்ந்தார். கால் மிதிக்கு எட்டவில்லை. நகர்ந்து நகர்ந்து கட்டைவிரலால் தொட்டார். தொடுவதற்குள் கை நாடாக் கயிற்றை விட்டுவிட்டது. ஆர்.ஐ. அடுத்த தறியைக் காட்டினார். அதிலும் எட்டவில்லை. மூன்றாவதில் உட்காரப்போய் அப்பா குழிக்குள்ளேயே சறுக்கிவிட்டார். பெரியப்பா மகன்தான் தூக்கிவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் தறியில் பெரியப்பாவை உட்காரச் சொன்னார். பெரியப்பாவின் முட்டி, நெய்த துணி சுற்றுகிற மரத்தில் இடித்தது. அப்பா உட்கார்ந்தார். கால் தானாகப் போய் மிதியில் உட்கார்ந்தது. நாடா ஓடியது.

"சரி, பாத்துட்டேன்" என்றார் ஆர்.ஐ.

அப்பா குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே, "சார், தப்பு என்னுதுதான். நீங்க சொசைட்டி..." என்று ஆரம்பித்தார்.

அவர் கையை நீட்டித் தடுத்தார். "சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் எழுதணும். எழுதினா இந்தப் பொண்ணு மனு அதோட போச்சு." நோட்டைப் பிரித்துக்கொண்டே, "எதுக்கு வந்திருக்கேன்னு நானும் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்" என்றார்.

தரையில் உட்கார்ந்து எழுதினார். வழக்கமாக நிற்காமல் எழுதுகிறவர், அன்றைக்கு இரண்டு இடத்தில் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தார். முடித்ததும் வழக்கம்போல உரக்க வாசித்தார். மனுதாரர் வீட்டில் ஒரு தறி மட்டுமே உள்ளது என்றும், முந்தைய விசாரணையின்போது அறையின் இருட்டிலும் தனது கண்பார்வைக் கோளாறினாலும் அடுத்த வீட்டுத் தறிகளையும் தானே தவறாகச் சேர்த்து எண்ணிவிட்டதாகவும், அந்தத் தவறுக்கு மனுதாரரோ அவருடைய தந்தையோ பொறுப்பல்ல என்றும் எழுதியிருந்தார். பெரியப்பா வீட்டில் தறிகள் நின்றிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மோர் கொண்டுவந்து நீட்டினேன். வேண்டாம் என்று பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுச் சான்று கைக்கு வந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். அந்த வருஷப் பணம் மாசி மாசம்தான் வந்தது, அது வேறு கதை, எல்லோருக்கும் அப்படித்தான் வரும். வரப்போகிறது என்று தெரிந்ததே போதும், அப்பா கடன் வாங்கி பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டார். நான் படித்தேன்.

ஆபீஸ் பியூன் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். அவர் மூலமாக நடந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. ஒரு தறியை நாலு என்று எண்ணியதற்கு விளக்கம் கேட்டு ஆர்.ஐ.க்கு மெமோ கொடுத்தார்களாம். ஒரு இன்கிரிமென்ட்டை நிறுத்திவிட்டார்களாம். கண்ணு தெரியாத ஆளுக்கு எதுக்கு இந்த வேலை என்று மேலே இருக்கிறவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம். அதற்கு அடுத்த வாரமே அவர் கண்ணாடியோடு வந்தார். தடிமனான கறுப்பு ஃபிரேம், அந்த ஒல்லி முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

கண்ணாடியைப் பார்த்ததும் அப்பாவுக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. மெமோ விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "பாத்தியா, அவருக்கு நெஜமாவே கண்ணு கோளாறுதான். நல்ல கண்ணு இருந்தா நடுக்கதவு தாண்டினது தெரியாதா? நம்மால ஒண்ணும் இல்ல" என்றார். எங்களிடம் சொன்னார், பெரியப்பாவிடம் சொன்னார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆர்.ஐ. சைக்கிளில் தெருவைக் கடக்கும்போது, "பாவம், முன்னயே கண்ணாடி போட்டிருக்கலாம் அந்த மனுஷன்" என்பார். நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவர் மாற்றலாகிப் போனார். நான் படித்து முடித்து, பரீட்சை எழுதி, கலசப்பாக்கத்தில் ஒரு பேங்கில் கிளார்க் ஆனேன். எண்பதுகளின் கடைசி. சனிக்கிழமை அரைநாள் வேலை, மத்தியானம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால், பெரணமல்லூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒருவர் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். பாட்டிலைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. அதே கறுப்புக் கண்ணாடி.

"சார், என்னத் தெரியுதுங்களா?"

பார்த்தார். "தெரியலம்மா."

"எங்கப்பாவ நாலு தறியிலயும் உக்கார வச்சீங்களே சார்."

கட்டைவிரல் கணுக்கள் மேல் ஓட ஆரம்பித்தது. "கால் எட்டாதவரு" என்றார். "நல்லா இருக்காரா? நான் ரிட்டயர் ஆயி சொந்த ஊரு பெரணமல்லூருக்கே வந்துட்டேன். நீ இன்னா பண்ற?"

"கலசப்பாக்கத்துல பேங்குல வேல சார்."

"காட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து பேங்க் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "இத கொஞ்சம் புடி" என்று என் கையில் கொடுத்துவிட்டு, அட்டையை எட்டப் பிடித்து உரக்க வாசித்தார். என் பெயர், உத்தியோகம், கிளை, பின்பக்கம் இருந்த பொடி எழுத்து வரை ஒன்று விடாமல். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு இந்தத் தடவை கூச்சமாக இல்லை.

அந்த நேரத்தில்தான் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். இன்னொரு கையில் என் பஸ் டிக்கெட். கண்ணாடி வழியாகத் தெரிந்த எழுத்தும் வெளியே தெரிந்த எழுத்தும் ஒரே அளவில் இருந்தன. கிட்டே வைத்துப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன். சாய்த்தும் பார்த்தேன்.

"சார், இதுல பவரே இல்லியே."

"இல்ல."

"எப்பவுமே இல்லியா சார்?"

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தபடியே பேசினார். "கண்ணு கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டேன்ல. எழுதினவன் வெறுங்கண்ணோட சுத்திகினு இருந்தா, எழுதினது பொய்னு ஆயிடும். உன்னுது மூணு வருஷம் புதுப்பிக்கற மனு. நடுவுல எவனாச்சும் ஃபைல எடுத்து இன்னா ஏதுன்னு கேட்டா?"

"நான் முடிச்சப்பால கழட்டியிருக்கலாமே சார்."

"பழகிப்போச்சும்மா. மூக்கு மேல ஒண்ணு இல்லன்னா இன்னாவோ போல இருக்குது."

பிடிக்காது பிடிக்காது என்று எத்தனை வருஷம் இந்த மனுஷனைப் பற்றிப் பேசியிருக்கிறேன் என்று நினைத்தேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பெரணமல்லூர் பஸ் வந்துவிட்டது. அட்டையை என் கையில் வைத்து, கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"சரி, பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா தறியில் இருந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் நடந்ததைச் சொன்னேன். வயசாகிவிட்ட மனுஷன், இதைச் சொல்ல வேண்டுமா என்று பாதி வழியில் யோசித்திருக்கலாம். எனக்கு அப்படி யோசிக்க வரவில்லை. சொல்லச் சொல்ல நாடா மெதுவாகி, பிறகு நின்றுவிட்டது.

"கண்ணாடிய நீ பாத்தியா?"

"கையில வாங்கிப் பாத்தம்பா. வெறும் கண்ணாடி."

அப்பா இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி மேலே ஏறினார். கொல்லைக்குப் போய்க் கால் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டனை ஒவ்வொன்றாக மாட்டினார். அம்மா, எங்கே என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பெரணமல்லூருக்கு அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு?"